வீரசோழன் பஸ்ஸில் நான் இளைத்த கதை

1. சீர்வரிசையைத் தாண்டிப் போன பஸ்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக வீரசோழன் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, போன வருஷம்தான் வேலையை விட்டு நின்றேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு டிக்கெட் மெஷினைப் பற்றிச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. சில்லறைத் தகராறைப் பற்றிச் சொல்லித்தரவும் ஆள் இருக்கிறது. வயிற்றைப் பற்றி யாரும் சொல்லித்தருவதில்லை. ஆகையால் நான் எழுதுகிறேன்.

கண்டக்டர் வேலை நின்றுகொண்டு செய்கிற வேலை, அதனால் உடம்பு போடாது என்று வெளியில் நினைப்பார்கள். போடும். ஒவ்வொரு சிங்கிள், அதாவது ஒருவழி நடை, முடிந்ததும் ஒரு டீ, டீக்குத் துணையாக வடை, வடைக்குத் துணையாக இன்னொரு வடை. கடைசி சிங்கிள் முடிந்து வீட்டுக்குப் போனால் இரவு முழுச் சாப்பாடு, கை கழுவியதும் படுக்கை. எனக்கு வயிறு இப்படித்தான் வந்தது. வந்தது எனக்கே தெரியவில்லை. பஸ்ஸுக்குத்தான் முதலில் தெரிந்தது.

அது ஓர் ஆனி முகூர்த்த நாள். வீரசோழனிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் நிற்க இடமில்லை. பின்னால் டிக்கெட் போட்டு முடித்துவிட்டு முன்னால் வந்துகொண்டிருந்தேன். அதே நேரம் முன்னாலிருந்து சிக்கந்தர் பாய் பின்படிக்கட்டை நோக்கி வந்தார். வீரசோழனில் ஆட்டு வியாபாரம் செய்கிறவர். என்னைவிட ஒரு சுற்றுப் பெரியவர். நடுக்கம்பிக்குப் பக்கத்தில் இருவரும் நேருக்கு நேர் சந்தித்தோம். நான் கொஞ்சம் ஒதுங்கினேன். அவரும் நான் ஒதுங்கிய பக்கமே ஒதுங்கினார். அதோடு முடிந்தது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை.

"கண்டக்டரே, மூச்சை உள்ள இழுங்க" என்றார் பாய்.

"இழுத்துட்டேன் பாய். நீங்க இழுங்க."

"நானும் இழுத்துத்தான் வச்சிருக்கேன்."

கழுத்துக் கயிற்றில் தொங்கிய என் விசில் எங்கள் இரண்டு வயிற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எங்கள் டிரைவர் பூமிநாதனுக்கு ஒரு கொள்கை உண்டு: விசில் வந்தால்தான் பிரேக். ஜனங்கள் கத்துவதை அவர் காதில் வாங்கமாட்டார். ஜனங்கள் எப்போதும் கத்திக்கொண்டுதான் இருப்பார்கள் என்பார்.

பஸ்ஸில் ஒரு சீர்வரிசைக் கூட்டம் வந்திருந்தது. தாய்மாமன் மடியில் பட்டுச்சேலைத் தட்டு, பின்னால் வாழைப்பழத் தார், வெற்றிலைத் தட்டு. அவர்கள் இறங்க வேண்டிய ஊர் வந்தது. ஸ்டாப்பில் வரவேற்க மேளக்காரர்கள் நின்றார்கள். பஸ்ஸைப் பார்த்ததும் மேளம் அடித்தார்கள். பஸ் நிற்காமல் போனது. மேளக்காரர்கள் அடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் பின்னால் ஓடி வந்தார்கள். தாய்மாமன் ஜன்னல் வழியாகத் தட்டைக் காட்டினார். பூமிநாதன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, கல்யாண வீட்டார் கையசைப்பதாக நினைத்து ஹாரன் அடித்து வாழ்த்தினார்.

அப்புறம் யாரோ இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தபிறகுதான் பஸ் நின்றது. என்னை நாலு பேர் பின்னால் இழுத்தார்கள், பாயை நாலு பேர் முன்னால் இழுத்தார்கள். சீர்வரிசை வெயிலில் கருவேலங்காட்டு ரோட்டில் திரும்பி நடந்தது.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். தாய்மாமன் போனில் பேசியதையெல்லாம் அவர் எனக்குத் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லத்தக்கதாக இருந்திருக்காது.

"சோலைமலை, பஸ்ஸுக்கு இருக்கிறது ஒரே ஒரு நடைபாதை. அதையும் நீயே அடைச்சுக்கிட்டா ஜனம் எங்குட்டுப் போகும்? பொங்கலுக்குள்ள ஒடம்பைக் குறை. இல்லேன்னா நம்ம பெட்ரோல் பங்க்ல போயி உக்காந்துக்க. அங்க சேரு பெருசு."

பங்க் வேலை கௌரவமான வேலைதான். ஆனால் நான் நாள் முழுக்க நாலு ஊர் ஆட்களோடு பேசிப் பழகியவன். பங்க்கில் வண்டிக்காரர்கள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் போய்விடுவார்கள். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாவது தடவை போட்டுக்கொண்டதைச் சொல்கிறேன். முதல் தடவை இறங்கிவிட்டது.

2. பாயின் ஆடு

விஷயம் பஸ் முழுக்கப் பரவியது. டிக்கெட் வாங்குகிற ஒவ்வொருவரும் சில்லறையோடு ஒரு யோசனையும் தந்தார்கள். வெந்நீரில் தேன் என்றார் ஒருவர். குடம்புளி என்றார் இன்னொருவர். "மாமியா வீட்டுல ஒரு மாசம் போயி இருங்க, தன்னால இளைச்சிருவீக" என்றார் பந்தல்குடிக்காரர் ஒருவர். அவர் மிகவும் ஒல்லி.

பூமிநாதன் உறுதியாகச் சொன்னார்: "மாப்ள, இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. பெரியவுக சும்மாவா சொன்னாக?"

என் மனைவி பேச்சியம்மா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். காலையில் கொள்ளுச் சுண்டல், மதியம் கொள்ளுத் துவையல், இரவு கொள்ளு ரசம். இப்படி ஒரு வாரம் போனது. எங்கள் பக்கம் மழை பெய்வது அபூர்வம். அந்த வாரக் கடைசியில் பார்த்துப் பெய்தது. பஸ்ஸில் எல்லா ஷட்டரையும் இறக்கிவிட்டார்கள்.

என்ன நடந்தது என்று விரிவாக எழுத வேண்டியதில்லை. சத்தமில்லாமல்தான் நடந்தது. ஆனால் திருச்சுழி தாண்டுவதற்குள் பஸ்ஸில் பேச்சு நின்றுபோனது. ஒரு பெண் முந்தானையால் மூக்கை மூடினாள். மழை என்றும் பாராமல் ஒருவர் ஷட்டரைத் தூக்கினார். எல்லோர் கண்ணும் மூன்றாவது சீட்டுக்கடியில் போனது. அங்கே சிக்கந்தர் பாயின் கிடாக்குட்டி ஒன்று கட்டிக் கிடந்தது.

"ஆட்டையெல்லாம் பஸ்ஸுல ஏத்துனா இப்படித்தான்" என்றது ஒரு குரல்.

"கண்டக்டரு, அதை எறக்கி விடுங்க" என்றது இன்னொரு குரல்.

பாய் எழுந்து நின்றார். "என் ஆடு அப்படிப்பட்ட ஆடு இல்ல. காலையில இருந்து அது ஒண்ணும் திங்கவே இல்ல."

நான் டிக்கெட் மெஷினில் பேப்பர் ரோல் மாட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். ஆடு என்னைப் பார்த்தது. பாயும் என்னைப் பார்த்தார். வீரசோழனில் இறங்கும்போது என் காதோரம் சொன்னார்: "கண்டக்டரே, வீட்டுல என்ன சமையலு?"

"கொள்ளு, பாய்."

"நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுக் குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அவரை நான் மதிக்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

3. பட்டினி

கொள்ளை விட்டுவிட்டு, பகலில் ஒன்றும் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். மத்தியானத்துக்குள் தலை கிறுகிறுக்கும்; பயணிகளிடம் எரிந்து விழுவேன். பாலவனத்தத்துக்கு எந்த பஸ் என்று சாதாரணமாகக் கேட்ட ஒருவரிடம், "என் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கா?" என்றேன். சாயங்காலம் ஆனதும் புரோட்டாக் கடையில் போய் உட்கார்ந்தால், கடைக்காரர் கேட்காமலே சால்னாவை வாளியோடு பக்கத்தில் வைத்துவிடுவார்.

பேச்சியம்மா சொன்னாள்: "பகல்ல சாமியாரு, பொழுது சாஞ்சா பூதம். இதுக்கு நீங்க பழையபடியே இருந்திருக்கலாம்."

மாதக் கடைசியில் எடை பார்த்தேன். கூடியிருந்தது.

4. நர்சம்மா சொன்ன சின்ன விஷயம்

எங்கள் பஸ்ஸில் தினமும் திருச்சுழிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிற நர்ஸ் ஒருவர் உண்டு. பெயர் ஜெயராணி. அதிகம் பேசமாட்டார். ஒருநாள் அவரே கூப்பிட்டு ரத்தம் பரிசோதிக்க வரச் சொன்னார். போனேன்.

"சுகர் எல்லையில நிக்குதுண்ணே. இன்னும் தாண்டல. இந்த வாரம் ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. டீயில சீனி வேணாம்."

"அம்புட்டுத்தானா? பங்க்குக்குப் போற நாளு நெருங்குதும்மா. வேற ஏதாச்சும் பெருசாச் சொல்லுங்க."

"பெருசா நெறையப் பண்ணிட்டீக போலயே. எந்தப் பெருசு நின்னுச்சு?"

டீயில் சீனியை நிறுத்தினேன். முதல் வாரம் டீ கஷாயம்போல இருந்தது. பிறகு ஒருநாள் டீ மாஸ்டர் மறந்து சீனி போட்டுத் தந்தார், குடிக்க முடியவில்லை. அதைச் சொன்னதும் நர்சம்மா அடுத்ததைச் சொன்னார்: வடையை விடுங்கள், பசித்தால் அவித்த கடலையோ வெள்ளரிக்காயோ சாப்பிடுங்கள். அது பழகியபின், தட்டில் சோறு இருக்கும் அளவுக்குக் காயும் இருக்கட்டும் என்றார். அதுவும் பழகியபின், காலைச் சாப்பாட்டை விடாதீர்கள், இரவுச் சாப்பாட்டைக் குறைத்து, படுக்கைக்கு ரொம்ப முன்னால் முடித்துவிடுங்கள் என்றார். எடையைத் தினமும் பார்க்க வேண்டாம், மாதம் ஒருமுறை போதும் என்றும் சொன்னார். ஒன்று பழகுமுன் அடுத்ததைச் சொல்லவே மாட்டார். கெஞ்சினாலும் சொல்லமாட்டார்.

கடைசியாக நடையைச் சொன்னார். "வீரசோழன்ல பஸ்ஸு நிக்குற நேரத்துல என்ன செய்யுறீக?"

"சீட்டுல படுத்திருப்பேன்."

"அந்த நேரம் நடங்க."

5. கண்மாய்க்கரை

தனியாக நடக்கக் கூச்சமாக இருந்தது. சிக்கந்தர் பாயிடம் சொன்னேன். அவருக்கும் முழங்கால் வலி இருந்தது. வீட்டிலும் எடையைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "நானும் வாரேன், ஆனா வெறுங்கையோட நடந்தா சனம் சிரிக்கும்" என்றார். ஆகவே ஒரு ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார்.

அதனால் வேறொரு தொல்லை வந்தது. கண்மாய்க்கரையில் ஆட்டோடு இரண்டு பேர் தினமும் நடந்தால் யார் நம்புவார்கள், உடம்பைக் குறைக்க நடக்கிறார்கள் என்று? எதிரே வருகிறவர்கள் எல்லாம் ஆட்டின் முதுகை அமுக்கிப் பார்த்து விலை கேட்டார்கள். ஒருவர் நடுவில் மறித்து, "கண்டக்டரே, எப்ப இருந்து கமிஷன் யாவாரம்?" என்றார். பதில் சொல்லி முடிப்பதற்குள் பூமிநாதன் ஹாரன் அடித்துவிடுவார். பஸ்ஸுக்கு ஓட வேண்டியதாகிவிடும். அந்த ஓட்டமும் உடம்புக்கு நல்லதாகத்தான் போயிற்று.

ஐப்பசியில் பாயின் மகளுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முதல் நாள் நடையிலேயே ஒப்பந்தம் போட்டோம்: ஒரு தட்டுப் பிரியாணி, அதற்குமேல் போனால் ஒருவர் கையை மற்றவர் பிடித்து நிறுத்த வேண்டும். அண்டாவைத் திறந்தபோது வந்த வாசனையில் ஒப்பந்தம் ஆவியாகிவிட்டது. என் கையைப் பிடிக்க வேண்டியவர் கரண்டியைப் பிடித்தார். "மக கல்யாணத்துல வந்தவுகளைப் போதும்னு சொல்ல எனக்கு வாயி வராது கண்டக்டரே." மூன்றாவது தடவை வைக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். எதிர்வரிசையில் நர்சம்மா உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அவர் பஸ்ஸில் ஏறியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எல்லாம் போச்சு, இனிமேல் நடந்து என்ன ஆகப்போகிறது, அன்றைக்குச் சீட்டிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

"என்னண்ணே, டிக்கெட் தர மாட்டீகளா?"

"நேத்து ரொம்பத் தின்னுட்டேன்மா."

"நேத்துக் கல்யாணம். தின்னீக. இன்னைக்குக் கல்யாணம் இல்லேல்ல? நடங்க."

நடந்தேன். பாயும் வந்தார். ஆடுதான் முன்னால் போனது.

6. ஆப்பிளும் சத்துமாவு டப்பாவும்

மார்கழிக்குள் சட்டை தொளதொளத்தது. பேன்ட்டுக்குப் பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன். சுகர் எல்லைக்கு உள்ளே இறங்கிவிட்டது என்று நர்சம்மா சொன்னார். ஊரில் பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஊர் வேறு மாதிரி புரிந்துகொண்டது.

பஸ்ஸில் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்கள். வழக்கமாகச் சில்லறைக்குச் சண்டை போடுகிறவர் ஒருவர், "இருக்கட்டும், நீங்களே வச்சுக்கங்க" என்று போனார். மார்க்கெட்டில் பேச்சியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெண்கள் அழுதிருக்கிறார்கள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் முதலாளியின் கார் என் வீட்டு வாசலில் நின்றது. பங்க்குக்குப் போகச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு பை ஆப்பிளையும் சத்துமாவு டப்பாவையும் பெஞ்சில் வைத்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"சோலைமலை, மறைக்காமச் சொல்லு. டாக்டரு எவ்வளவு நாளுன்னு சொன்னாக?"

"எதுக்கு மொதலாளி?"

"நான் அன்னைக்குக் கோவத்துல பேசிட்டேன். அதை மனசுல வச்சுக்காத. பஸ்ஸுல நின்னு சிரமப்படாத. பங்க்ல வந்து சும்மா உக்காந்திரு, சம்பளம் அதேதான்."

குண்டாக இருந்தாலும் பங்க், இளைத்தாலும் பங்க் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

பேச்சியம்மா குறுக்கிட்டாள். "இவுகளுக்கு ஒண்ணுமில்லங்கய்யா. டீக்குச் சீனி போடுறதில்ல, அம்புட்டுத்தான்."

"சீனியே ஆகாதுன்னு சொல்லிட்டாகளா? அம்புட்டு முத்திருச்சா?"

நர்சம்மாவுக்குப் போன் போட்டு முதலாளி காதில் வைத்த பிறகுதான் நம்பினார். நம்பியதும் கோபம் வந்தது. ஆப்பிள் பையைத் திரும்ப எடுக்கக் கை நீட்டிவிட்டு, கௌரவம் கருதி விட்டுவிட்டார். "நாளைக்கு ட்யூட்டிக்கு வந்து சேரு" என்று எழுந்தவர், வாசலில் நின்று தன் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"நடக்கிறதுன்னா, தெனமுமா நடக்கணும்?"

7. தம்பிகளுக்கு

அதன்பிறகு ஓய்வு பெறும்வரை அதே பஸ்ஸில்தான் இருந்தேன். சில மாதங்களில் எடை கொஞ்சம் கூடும், மறுபடி குறையும். முன்புபோல வயிறு வரவில்லை. இன்றைக்கும் காலையில் நடக்கிறேன்.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். சின்னதாக ஒரு பழக்கத்தைப் பிடியுங்கள். அதை விடமுடியாத நிலை வந்தபிறகு அடுத்ததைத் தொடுங்கள். பட்டினி கிடக்காதீர்கள். கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டால் மறுநாள் நடங்கள், மறுநாள் பட்டினி கிடந்து கணக்குத் தீர்க்க வேண்டாம். கொள்ளு நல்ல பொருள்தான், ஆனால் ட்யூட்டி நாளில் வேண்டாம்.

உடம்பு இறங்கத் தொடங்கியதும் நாலு பேரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சத்துமாவு டப்பா வந்து சேர்ந்துவிட்டால் வீட்டில் அதை வீணாக்க விடமாட்டார்கள், நீங்களேதான் குடித்துத் தீர்க்கவேண்டும்.