ஐம்பத்திரண்டு கிலோ

ஓர் உத்திராட நாளில், நாளை ஓணமென்று சொந்தக் கிராமமான கொல்லயில் ஊரே காய்கறி வாங்க அலைந்த காலையில், எலியா தோளில் சேணத்தோடு தொலைதூர நகரத்துக் குதிரைப் பந்தய மைதானத்தை விட்டு ஊருக்குப் புறப்பட்டார். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் நீட்டிய இட்லியில் பாதியைப் பிட்டுக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். பழக்கம். ஜாக்கி எடை கூடக் கூடாது.

முந்தைய வாரம் அவர் குதிரைதான் முதலில் வந்தது. ஆனால் கடைசி வளைவில் அது உள்பக்கம் சாய்ந்து, பின்னால் வந்த குதிரையின் வழியை அடைத்துவிட்டது. விசாரித்தவர்கள் வெற்றியை ரத்து செய்தார்கள், லைசென்சையும் பறித்தார்கள். அடுத்த பந்தயத்தில், அதே வளைவில், அதே தப்பைப் பெயர்பெற்ற ஜாக்கி ஒருவர் செய்தார். அவருக்கு வெறும் எச்சரிக்கை. எலியா மேல்முறையீடு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ரயிலேறினார்.

யாராவது அனுதாபமாகப் பேசினால் அவருக்குப் பிடிக்காது. "நான் வழிய அடைச்சது உள்ளதுதான். தண்டன வேண்டாம்னு நான் சொல்லேல்ல. ஒரே வளைவு, ஒரே தப்பு. அவனுக்கும் எனக்கும் ஒரே தண்டன வேணும்னாக்கும் கேட்டேன்."

ஊர் திரும்பியதும் பக்கத்து ஆரியங்கோட்டில் ரப்பர் ஷீட் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். சிறிய உடம்பு, கொஞ்சம் வளைந்த கால்கள். பைக்கில் போகும்போது மேடு வந்தால் இருக்கையிலிருந்து தானாக எழுந்துகொள்வார். சேணத்துக்கு எண்ணெய் தடவாத மாதமில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கடைத் தராசில் தானே ஏறி நிற்பார். ஐம்பத்திரண்டு கிலோ. பந்தய நாட்களில் இருந்த அதே எடை. தீர்ப்பு வந்தால் மறுநாளே குதிரை ஏற வேண்டுமே.

"ஒரு அகப்ப சோறு கூடுதலா தின்னியதுக்கு ரேஸ்காரனுவகிட்ட அனுமதி கேக்கணுமா?" என்பாள் மனைவி அபினா. அவர் சிரித்துக்கொண்டே கை கழுவப் போய்விடுவார்.

ஓணத்துக்கு ஊரில் வடம்வலி என்னும் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். ஏழு பேரின் மொத்த எடை குறித்த அளவைத் தாண்டக் கூடாது. எடை பார்ப்பது எலியா. ஒரு வருடம் அபினாவின் தம்பி ரெஜினின் அணி, ஓணச் சாப்பாட்டை மூக்கு முட்டத் தின்றுவிட்டு நேராகத் தராசுக்கு வந்தது. ஒரு கிலோ அதிகம்.

"அத்தான், அது பாயசமாக்கும். வடத்தப் பிடிக்கதுக்குள்ள எறங்கிரும்," என்றான் ரெஜின்.

"எலே, மத்த டீமுக்கும் இன்னைக்குத்தான் ஓணம். அவனுவ பட்டினி கெடந்து வந்திருக்கானுவ."

"நம்ம ஊருக்காரன வெளிய விட்டுட்டு அவனுவளுக்குக் கப்பு குடுக்கப் போறீங்களா?"

"நம்ம ஊருன்னு தராசுக்குத் தெரியாது மக்கா. எறங்கு."

கிறிஸ்துமஸ் வரை ரெஜின் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அபினாவும் சில நாள் முகம் கொடுக்காமல்தான் சோறு விளம்பினாள்.

வருடங்கள் ஓடின. மீசை நரைத்தது. எடை மட்டும் நகரவில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம். வழக்கமான அரை அகப்பைச் சோற்றில் மீன்குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. இடக்கையால் எடுத்துப் படித்தார். மறுபடி படித்தார். அவர் வாதத்தை ஏற்றுக்கொண்டார்களாம். இனி அந்தத் தப்புக்கு எல்லா ஜாக்கிகளுக்கும் ஒரே தண்டனையாம். அவருடையதைப் போல ஏற்கெனவே முடிந்த தீர்ப்புகளுக்கு மட்டும் இது பொருந்தாதாம்.

"என்னவாம்?" என்று கேட்டாள் அபினா.

"நான் கேட்டது நடந்தாச்சு. இனி எல்லாருக்கும் ஒரே விதி."

"அப்போ நீங்க எப்பம் போணும்?"

எலியா போனைக் கவிழ்த்து வைத்தார். கையிலிருந்த உருண்டையை வாயில் போட்டு நெடுநேரம் மென்றார். பிறகு தட்டைச் சோற்றுப் பானையின் பக்கமாக மெல்ல நகர்த்தினார்.