கண்ணாடித்தாள் பெட்டியில் போன ஏலக்காய்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மதுரையில் வணிக நிர்வாகம் படித்தேன். வெளிநாட்டு வியாபாரத்தில் திணறும் ஒரு கம்பெனியைத் தேடிப் பிடித்து, எட்டு வாரத்தில் அதன் சிக்கலைத் தீர்த்துவிட்டு வரும்படி பேராசிரியர் எங்கள் மூவரையும் அனுப்பினார். பழைய பேப்பரைத் தவிர நாங்கள் அதுவரை எதையும் விற்றதில்லை. ஆனால் நான் போடிநாயக்கனூர்க்காரன். ஆகவே ஏலக்காய் நிபுணன் என்று முடிவாயிற்று. எங்கள் வீட்டில் பருத்தியும் நிலக்கடலையும்தான் விளைந்தன. ஏலக்காயை நான் பாயசத்தில் கடித்துத் துப்பியிருக்கிறேன். அனுபவம் அவ்வளவே.

அப்பாவுக்குப் பழக்கமான ஏலக்காய் ஏற்றுமதியாளர் ஒருவர் எங்களைச் சேர்த்துக்கொண்டார். அவருடைய சிக்கல் நிஜமானது. வளைகுடாவில் அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வாடிக்கையாளர். அவரும், குவாத்தமாலா காய் பச்சைப் பசேலென்று வருகிறது, மலிவாகவும் கிடைக்கிறது, உங்கள் புதுக் காயில் சாம்பிள் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கடிதம் போட்டிருந்தார். அவர் கைவிட்டால் ஏற்றுமதி நின்றுவிடும். காய் பொறுக்கித் தரம் பிரிக்கும் நாற்பது பெண்களுக்கும் வேலை இருக்காது. நாங்கள் பெரிய மனிதர்கள்போலத் தலையாட்டிக் குறித்துக்கொண்டோம். அறைக்குத் திரும்பியதும் அட்லஸை விரித்துக் குவாத்தமாலா எங்கே என்று தேடினோம்.

மறுநாள் ஏலம் பார்க்கப் போனோம். தட்டில் கொட்டிய காயை வியாபாரிகள் உருட்டிப் பார்த்து விலை கேட்டார்கள். எங்களுக்கு அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. கண்ணால் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்! எங்கள் ஏற்றுமதியாளரோ தன் காயைக் கறுப்பு பாலிதீன் உறைக்குள் போட்டு, அதைச் சாக்குக்குள் வைத்துத் தைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாக இந்த ஊரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்று நாங்கள் மனமுருகிப் பரிதாபப்பட்டோம். இனி சாம்பிள் அட்டைப் பெட்டியில் போக வேண்டும், பெட்டியின் முகப்பில் கண்ணாடித்தாள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தோம். நண்பன் கலர் பென்சிலில் பெட்டியை வரைந்தே காட்டிவிட்டான்.

பொறுக்கும் பெண்களுக்குத் தலைவியாக ராசிங்காபுரத்து அம்மாள் ஒருவர் இருந்தார். படத்தைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"வெளிச்சம் பட்டா பச்சை நிக்காது அப்பு. அதுக்குத்தேன் கறுப்புல கட்டுறோம். இதுல போட்டா, போய்ச் சேர்றதுக்குள்ள வெளுத்துப் போகும்."

நான் அதை அறிக்கையில் சேர்த்தேன். 'மாற்றத்தை ஏற்பதில் ஊழியர்களுக்கு உள்ள தயக்கம்' என்ற தலைப்பின் கீழ் சேர்த்தேன்.

முதலாளி படத்தை வெகுநேரம் பார்த்தார். "இது நடந்தாத்தேன் ஒங்களுக்கு மார்க்கா மாப்ளே?" என்றார். பரிந்துரை நடைமுறைக்கு வந்தால் மதிப்பெண் அதிகம் என்றேன். மறுவாரமே சாம்பிள் முழுவதும் எங்கள் பெட்டியில் கப்பலேறியது. எங்கள் வாதத் திறமை அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

வகுப்பில் எங்களுக்கு முதலிடம். பேராசிரியர் பெட்டியின் படத்தைச் சுவரில் மாட்டினார். பெட்டியிலிருந்த காய்களோ துறைமுகத்திலும் வாடிக்கையாளரின் கடை முகப்பிலும் வெயில் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தன. இனிமேல் காய் அனுப்ப வேண்டாம் என்று இரண்டு வரியில் அவர் எழுதிவிட்டார். இதெல்லாம் பரீட்சை முடிந்து ஊருக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். காய் பொறுக்கும் கூடம் பூட்டிக் கிடந்தது. மறுநாள் காலை, மலைத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் அந்த அம்மாளைக் கண்டேன். உட்கார்ந்து செய்த வேலை போய், அந்த வயதில் சரிவேறிக் காய் பறிக்கப் போகிறார். நீங்கள் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"அட விடப்பா. வெளுத்துப் போகும்னு மொதலாளிக்குத் தெரியாதா? நானும் சொன்னேன். நம்மூருப் புள்ள படிப்பு இதுலதேன் இருக்கு, வாறது வரட்டும், கட்டுன்னுட்டாரு" என்றார்.

ஜீப் கிளம்பியது. அவர் தலையை வெளியே நீட்டிக் கேட்டார்: "பாசாயிட்டீல்ல?"