பாடகர் முகத்தில் விழுந்த கடலூர் முத்திரை

போன வாரம் ஒரு வேலையாகப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கிருந்த ஊழியர் முத்திரையை மையில் ஒற்றி, காகிதத்தில் பாதி விழுந்தும் விழாமலும் வைத்தார். அந்த மை வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கை துறுதுறுத்தது. "குடுங்க சார், நான் குத்திக் காட்றேன்" என்று கேட்கப் போனேன். மனைவி முறைத்தாள். விட்டுவிட்டேன்.

முத்திரை குத்துவதில் நான் கெட்டிக்காரன். இதில் அடக்கமெல்லாம் எதற்கு? சுனாமிக்கு இரண்டு மூன்று வருடம் கழித்து, கடலூரில் ஒரு தபால் ஆபீசில் இருந்தேன். நான் குத்தினால் ஊர்ப் பெயரையும் தேதியையும் எட்ட நின்றே படிக்கலாம். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் ஒருநாள் வினையாயிற்று.

முதுநகரில் மாதா கோயில் பாடகர் குழுவில் கிதார் வாசித்தவர் அமல்ராஜ். அவருக்கும் அவர் தம்பிக்கும் இளவயதில் ஓர் அமெரிக்கப் பாடகர்மேல் பைத்தியம். குதிரை, ரயில், மண்சாலை என்று அந்த ஊர்க் கிராமத்துப் பாட்டுப் பாடுகிற தொப்பிக்காரர். அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து ஒரே கிதார். அதை அண்ணனிடம் சொல்லாமல் சிதம்பரத்தில் யாருக்கோ விற்றுவிட்டுத்தான் தம்பி அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். அதோடு பேச்சு நின்றது. பதினெட்டு வருடம்!

அப்புறம் அந்தப் பாடகரின் நினைவாக அமெரிக்காவில் தபால்தலை வந்தது. அதை ஒட்டித் தம்பி கடிதம் போட்டிருப்பதாகச் சிதம்பரத்திலிருந்த தங்கை சொல்ல, அமல்ராஜ் தினமும் என் கவுன்டருக்கு வர ஆரம்பித்தார்.

"வந்துதா சார்? ஸ்டாம்ப மட்டும் கிழிச்சிக்கிட்டு லெட்டர தூக்கிப் போட்ருவேன். அவனுக்குல்லாம் பதிலு கெடையாது."

வந்தது. வழியில் யாரும் முத்திரை குத்தாததால், தொப்பியும் கிதாருமாகப் பளிச்சென்று இருந்தார் பாடகர். அப்படித் தப்பி வரும் தபால்தலையைப் மறுபடி பயன்படாதபடி பட்டுவாடா செய்கிற ஆபீஸ் முத்திரை அடித்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. பழகிய கை யோசிக்கவா போகிறது? குத்திய பிறகுதான் முகவரியைப் படித்தேன். அமல்ராஜுக்கு வந்தது!

உறையைப் பார்த்த அமல்ராஜ் கொதித்துப் போனார். "என்னா சார், ஆளு மூஞ்சில கரிய பூசிட்டீங்களே! இப்ப இன்னொண்ணு வேணும்னா நான்ல அவனுக்கு எழுதணும்?"

"எழுதுங்களேன்" என்றேன்.

முறைத்துவிட்டுப் போனவர் நான்காம் நாள் ஒரே தாளை மடித்து ஒட்டுகிற வான்கடிதம் ஒன்றை நீட்டினார். ஓரம், மடிப்பு என்று ஓர் இடம் விடாமல் பொடிப்பொடியாக எழுத்து.

"ஸ்டாம்பு கேக்கத்தான் சார் ஒக்காந்தேன். எடம் பத்தல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்தக் கவுன்டர் இப்போது இல்லை, சுவர் எழுப்பிவிட்டார்கள். வான்கடிதம் எழுதுவாரும் இல்லை. அமல்ராஜும் போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பிதான் வந்து குழியில் மண் போட்டார். போனவை எவ்வளவோ. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் போனது அந்தச் சண்டைதான்.