குண்டின் மேல் கால்வாசி

ஆள் ஈர்க்குச்சி மாதிரி இருப்பார். ஆனாலும் டிப்போவில் எல்லோருக்கும் அவர் குண்டக்காதான். பன்னிரண்டு மீட்டர் விட்டத்தில், உருண்டையாக, இரும்பால் செய்த திரவ எரிவாயுத் தொட்டியை அங்கே குண்டு என்பார்கள். இருபத்தாறு வருடமாக அதன் மேல் ஏறி அளவெடுப்பவர் குண்டக்கா. அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. அதை டிப்போவுக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வேலைக்கு வந்தபோது அவருக்குக் கூட்டல், கழித்தலுக்கு மேல் தெரியாது. சுவரில் ஓர் அட்டவணை தொங்கியது. திரவம் இத்தனை உயரம் என்றால் உள்ளே இத்தனை கன மீட்டர். பார்த்து எழுதினால் போதும். ஆனால் அடியில் முதல் மீட்டருக்குப் பதினெட்டு, நடுவில் ஒரு மீட்டருக்கு நூற்றுப் பதின்மூன்று என்று அது ஏன் தாறுமாறாக ஓடுகிறது என்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டில் ஓர் உருண்டைக் கண்ணாடி ஜாடியை எடுத்தார். டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு டம்ளருக்கும் வெளியே ஒரு கோடு போட்டார். கோடுகள் அடியில் தள்ளித் தள்ளியும், இடுப்பில் நெருக்கமாகவும், கழுத்தருகே மறுபடி தள்ளியும் விழுந்தன.

"ஜாடிக்கு அளவெடுத்துச் சட்டை தைக்கப் போறியா?" என்றார் கணவர்.

பிறகு ஒரு பழைய பாடப்புத்தகத்தில் கணக்கைப் பிடித்தார். ஆரத்தை மூன்று முறை வைத்துப் பெருக்கு, நாலால் பெருக்கு, மூன்றால் வகு, பையால் பெருக்கு. ஆறு மீட்டர் ஆரத்துக்குத் தொள்ளாயிரத்து ஐந்து வந்தது. அட்டவணையின் கடைசி வரியிலும் அதுவே இருந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடக்கூட மறந்துபோனார்.

பல வருடம் கழித்து, மூன்று நாள் விடுப்பு முடிந்து அவர் திரும்பிய ஒரு காலையில் சுவர் புது வெள்ளையில் பளிச்சென்று இருந்தது. அட்டவணையைக் காணவில்லை. அந்த இடத்தில் புது மேனேஜர் ஓர் அளவுகோலை மாட்டியிருந்தார். குண்டின் அடியிலிருந்து உச்சிவரையான உயரத்துக்குச் சமமாக நூறு கோடு. திரவ உயரத்தைக் காட்டும் முள் எங்கே நிற்கிறதோ அத்தனை சதவீதம். எண்பத்தைந்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது விதி. வெயில் ஏறினால் திரவம் பெருகும், பெருக இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் இரும்புதான் வழிவிட வேண்டும்.

முள் எழுபத்தெட்டில் நின்றது. லாரியிலிருந்து இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

அவர் வெளியே ஓடிவந்து குண்டைப் பார்த்தார். குளிர்ந்த திரவம் இருக்கும் உயரம்வரை இரும்பு வெளியே வியர்க்கும். அந்த ஈரக்கோடு அவர் ஒருநாளும் பார்க்காத உயரத்தில், குண்டின் தோளைத் தாண்டி நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் கொடியில் துணிகள் காய்ந்தன. மூன்றாவது வீடு அவருடையது. ராத்திரி வேலை முடித்த கணவர் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார்.

"வால்வை மூடுங்க."

"வந்ததும் வராததுமா என்னக்கா?" என்றார் வால்வுக்காரர். "இன்னும் ஏழு கோடு பாக்கி. இப்ப இதை மூடினா மேனேஜர் என்னை மூடிடுவாரு."

குண்டக்கா மேனேஜர் அறைக்குள் செருப்போடு நுழைந்தார்.

"சார், அந்தக் கோல் பொய் சொல்லுது."

"லீவு பத்தலையாக்கா? வந்த அன்னைக்கே சண்டைக்கு வர்றீங்க."

"அடியில முதல் மீட்டருக்கு எவ்வளவு பிடிக்கும், சொல்லுங்க."

"பன்னெண்டுல ஒரு பங்கு. எழுபத்தஞ்சு."

"பதினெட்டு."

மேனேஜரின் சிரிப்பு அப்படியே நின்றது.

"இது டிரம் இல்ல சார், உருண்டை. அடியில எவ்வளவு ஒடுக்கமோ உச்சியிலயும் அவ்வளவு ஒடுக்கம். மேல கால்வாசி உயரம் காலியா இருந்தா, ஆறுல ஒரு பங்கு இடம்கூடக் காலி இல்ல. முள் எழுபத்தஞ்சைத் தொட்டப்பவே உங்க எண்பத்தஞ்சு முடிஞ்சுபோச்சு."

மேனேஜர் போனில் கணக்குப் போட்டார். அழித்துவிட்டு மறுபடி போட்டார். நிமிரவில்லை.

"முள் எண்பத்தஞ்சைக் காட்டுறப்ப உள்ள..."

"தொண்ணூத்தி நாலு" என்றார் குண்டக்கா.

மேனேஜர் ஜன்னலுக்கு ஓடிக் கத்திய கத்தலில் வால்வுக்காரர் வேடிக்கைப் பேச்சை விட்டுவிட்டு வால்வை மூடினார். முள் எண்பத்தொன்றில் நின்றது. ஏற்றியதை லாரிக்கே திருப்பச் சொன்னார் குண்டக்கா. கொஞ்ச நேரத்தில் முள் இறங்கத் தொடங்கியது. அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

மேனேஜருக்கு வரவில்லை. நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, இதே கோலை இன்னொரு டிப்போவுலயும் மாட்டச் சொன்னேன்."

எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை மேசைமேல் வைத்தார். அந்தப் பக்கம் உற்சாகமான குரல்.

"சொல்லுங்க சார்! விடியக்காலையிலேயே ஏத்தி முடிச்சாச்சு. சரியா எண்பத்தஞ்சு. ஒரு கோடு கூடல, ஒரு கோடு குறையல."

குண்டக்கா போனை நோக்கிக் குனிந்தார்.

"தம்பி, அங்க வெயில் எப்படி?"

"அதை ஏன் கேக்குறீங்கக்கா, மண்டையைப் பிளக்குது."

"உடனே லாரிக்குத் திருப்பி இறக்குங்க."

"லாரியெல்லாம் அப்பவே போயிடுச்சே." குரல் சற்றுத் தயங்கியது. "மேல ஏதோ சீறுற மாதிரி இருக்கு. லைன்லயே இருங்க, பார்த்துட்டு வந்துடறேன்."

"போகாத தம்பி. எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய ஓடு. தம்பி!"

அந்தப் பக்கம் ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தமும், செருப்புக் காலடி விலகிப் போவதும் கேட்டன.