ஃபிரிட்ஜுக்குள் ஒரு சாவி

ஸ்கூட்டர் சாவியை ஃபிரிட்ஜுக்குள், பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் அவர் மைக்கைக் கையில் எடுப்பார். முதலில் சுவரில் ஃபிரிட்ஜின் சுவிட்சை அணைப்பார். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து சாவியை வைத்து மூடுவார். மூடிய கதவின் மேல் உள்ளங்கையை வைத்து, உள்ளே நடுக்கம் அடங்கிவிட்டதா என்று சற்று நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

காரணம் கேட்டேன். ஃபிரிட்ஜ் ஓடினால் அதன் முனகல் பதிவில் விழும். அணைத்தால் மறுபடி போட மறந்துவிடும். இரண்டு தடவை மறந்து, இரண்டு தடவையும் பால் திரிந்து, வீட்டில் பெரிய ரகளை. "இப்ப சாவி உள்ள இருக்கா? கடைக்குக் கிளம்பணும்னா அதைத் திறந்துதான ஆகணும். திறந்தா உள்ள லைட் எரியாது. இருட்டைப் பாத்ததும் ஞாபகம் வந்துரும்."

"ஊர்ல எல்லாரும் வெளிச்சத்துல பாப்பாங்க. இவருக்கு மட்டும் இருட்டுலதான் கண்ணு தெரியும்" என்றார் அவர் மனைவி, சமையலறையிலிருந்து.

அப்படிச் சொல்வதில் ஒரு குத்தல் இருந்தது. அவருக்குத் தொழிலே கண் பார்ப்பதுதான். கடைத்தெரு முனையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில், பின்பக்கத்து இருட்டறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் மூக்கில் கனத்த இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு எழுத்துகளைப் படிக்கச் சொல்கிறவர். "இதுவா..." ஒரு வில்லை. "அதுவா?" இன்னொரு வில்லை. நாள் முழுக்கக் கேட்கிற கேள்வி வீட்டுக்கும் கூடவே வந்துவிடுகிறது. சட்டை எடுத்தாலும் இதுவா அதுவா, வாடகைக்கு அறை பார்த்தாலும் இதுவா அதுவா. எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கிற பெயரும் அதுதான். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப பக்கத்துல எங்க சித்தி பொண்ணும் உக்காந்திருந்தா. நல்லவேளை, அன்னிக்கு மட்டும் அதைக் கேக்கல" என்பார் மனைவி. அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்; நூலகத்தில் வேலை பார்க்கிறார். யாரும் எடுக்காத கவிதைப் புத்தகங்களை எனக்காகக் கொண்டுவருவார். அதை வாங்கப் போய்த்தான் எனக்கு எதிர்வீட்டின் இந்த விநோதங்கள் எல்லாம் பழக்கம்.

ஒரு நாள் கண்ணாடிக்காரர் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "வரிய பாதியிலயே மடக்கி மடக்கி விட்டிருக்காங்களே, ஏன் தம்பி?"

"அங்கங்க மூச்சு விடறதுக்கு."

"அது மைக்ல விழுமே" என்று கவலையோடு திருப்பிக் கொடுத்தார்.

அவர் செய்யும் பதிவுக் கருவிகள் கடையின் கழிவிலிருந்து பிறந்தவை. பழைய ஹெட்போனிலிருந்து கழற்றிய, சட்டைப் பொத்தானைவிடச் சிறிய மைக். அது ஒரு வட்டக் கண்ணாடிச் சட்டத்தின் நடுவில், வில்லை இருக்கவேண்டிய இடத்தில், நான்கு ரப்பர் பேண்டுகளில் தொங்கும். மேசை அதிர்ந்தாலும் மைக் அதிராது. சட்டத்தின் இன்னொரு வட்டம் காலி. ஒற்றைக் கண்ணால் அது அறையை உற்றுப் பார்ப்பதுபோல் தோன்றும். மைக்கில் விழும் சன்னமான ஓசையைப் பெரிதாக்கும் மின்சுற்று, மூக்குக்கண்ணாடி வைக்கிற ஒரு தகரப் பெட்டிக்குள். கண்ணாடி திருகாணிகளுக்கான ஊசி முனை ஸ்க்ரூடிரைவரால்தான் அத்தனையும் பூட்டியிருப்பார்.

இதெல்லாம் முன்பு வெறும் பொழுதுபோக்கு. மழை, லிஃப்ட், மனைவியின் குறட்டை என்று பதிந்துகொண்டிருந்தார். ("அழிச்சிட்டேன்னு சொன்னாரு. நம்பல.") மைத்துனர் வந்து தங்கிய பிறகுதான் அதில் ஒரு தீவிரம் சேர்ந்தது.

மைத்துனர், அக்காவின் தம்பி, கிட்டார் வாசிப்பவர். பெரிய ஹோட்டல் ஒன்றின் வரவேற்புக் கூடத்தில் மாலை வேளைகளில் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு கடையின் இரும்பு ஷட்டர் இறங்கும்போது இடது கை மாட்டிக்கொண்டது. தந்தி அழுத்துகிற கை. மோதிர விரலும் சுண்டு விரலும் தையலோடு பிழைத்தன; ஆனால் மடங்கவில்லை. இரண்டும் நீட்டியபடியே நின்றுவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கிட்டாரை விற்றுவிட்டு அக்கா வீட்டு உள்ளறைக்கு வந்து சேர்ந்தார். ஹோட்டல் மேலாளர் நல்ல மனிதர்தான். இப்போது எப்படி வாசிக்கிறார் என்று ஒரு பதிவு அனுப்பச் சொன்னார். கேட்டுவிட்டு, சீசன் கூட்டம் தொடங்கும்முன் முடிவு சொல்வதாகவும் சொன்னார்.

நண்பனிடம் கிட்டார் இரவல் வாங்கி, போனை முன்னால் நிறுத்தி உட்கார்ந்தாராம். பதிவு தொடங்கியதற்கு அடையாளமாகச் சிவப்புப் புள்ளி எரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து, கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து படுத்துவிட்டார். "அந்தப் புள்ளி என்னையவே பாக்குது மாமா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் கண்ணாடிக்காரர் தன் தகரப் பெட்டியில் எரிந்த குட்டி விளக்கைக் கருப்பு டேப் ஒட்டி மூடுவதைப் பார்த்தேன். ஏன் என்று அன்று எனக்குத் தெரியாது.

பெட்டியில் ஒரு கோளாறு. ஹெட்போனைக் காதில் மாட்டினால் 'கொர்ர்' என்று ஓர் ஓசை, தூரத்து மிக்ஸி மாதிரி. பெட்டியை விரலால் தொட்டால் குறையும்; எடுத்தால் திரும்ப வரும். அதனால் நாடி பிடிக்கும் வைத்தியர்போல ஒரு விரலைப் பெட்டிமேல் வைத்தபடியேதான் பதிவு நடக்கும். இடையில் மூக்கு அரித்தால் என்னைக் கூப்பிடுவார். "தம்பி, கொஞ்சம் இதத் தொட்டுக்கங்க."

கோளாறு ஒரு பக்கம் இருக்க, மைத்துனருக்காகக் கிட்டார் வாங்கப் போனார். துணைக்கு நானும். கடை வாசலிலேயே தன் இடது கையின் கடைசி இரண்டு விரல்களையும் மடக்கி, உள்ளங்கையோடு சேர்த்து டேப்பால் ஒட்டிக்கொண்டார். அவருக்கு வாசிக்கத் தெரிந்தது, மைத்துனர் எப்போதோ சொல்லிக்கொடுத்த ஒரே ஒரு மெட்டின் முதல் பாதி. அதை இரண்டே விரலால் ஒவ்வொரு கிட்டாரிலும் தடவித் தடவி வாசித்தார்.

"கையில அடியா சார்?" என்றார் விற்பனையாளர்.

"எனக்கில்ல."

விற்பனையாளர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஒரு கண்ணை மூடி, கிட்டாரின் கழுத்தை நெடுகப் பார்த்தார். கண்ணாடிச் சட்டத்தில் கோணல் பார்க்கிற பார்வை அது. முதுகில் விரல் முட்டியால் தட்டினார். வயிற்றுத் துளையில் மூக்கை வைத்து முகர்ந்தார். பிறகு இரண்டை எடுத்துவைத்து, ஒரே தந்தியை மாற்றி மாற்றி மீட்டினார். "இதுவா... அதுவா?"

"ரெண்டுமே நல்லாத்தான் சார் இருக்கு."

"எங்க கடையில இப்படிச் சொன்னீங்கன்னா முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருவேன்" என்றார். முதலிலிருந்து ஆரம்பிக்கவும் செய்தார். விற்பனையாளர் அவசரமாக "அது" என்றார். மெலிந்த கழுத்தும் உருண்டு திரண்ட உடம்புமாக இருந்தது. பிடிக்காவிட்டால் மாற்றித்தருவதாகச் சொல்லவைத்து வாங்கிவந்தோம்.

வீட்டில் டேப்பைப் பிரிக்க மறந்துவிட்டார். மைத்துனர் கிட்டாரைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்.

"என்ன மாமா இது?"

"ஒண்ணுமில்ல மாப்ளே. உன் கைக்கு எது சரியா வரும்னு..."

"மடக்கி ஒட்டியிருக்கீங்க."

"ஆமா."

"என்னுது மடங்காதே மாமா. மடங்கினா நான் ஏன் உங்க வீட்ல உக்காந்து சாப்பிடறேன்?"

கண்ணாடிக்காரர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மைத்துனருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து நான் கேட்டதில்லை. அடக்க முயன்று மூக்கு வழியாக வந்த சிரிப்பு. சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

எது தவறு என்று காட்டுவதற்காக அவர் கிட்டாரை மடியில் எடுத்தார். கழுத்தில் கையை மேலே நகர்த்திக்கொண்டே போனார். உடம்பு தொடங்கும் இடத்தில், நீட்டிய விரல்கள் இரண்டும் கிட்டாரின் தோளில் 'டொக்' என்று இடித்தன. "பாத்தீங்களா? இதுக்கு மேல போக முடியாது. தோள் இல்லாததா இருக்கணும்."

"இன்னொரு தடவை இடி, கேப்போம்" என்றார் கண்ணாடிக்காரர். கோளாறின் ஓசை கேட்டால் அவருக்கு மற்றது மறந்துபோகும். மைத்துனர் இடித்துக் காட்டினார்.

அடுத்த முறை கடைக்குப் போனபோது, கண்ணாடிக்காரர் தன் விரல்களோடு ஐஸ் குச்சிகளை வைத்துக் கட்டி நிமிர்த்திக்கொண்டார். மைத்துனரும் வந்தார், வாசலோடு நின்றுகொள்வதாகச் சொல்லி. விற்பனையாளர் கண்ணாடிக்காரரின் கையைச் சந்தேகமாகப் பார்த்தார். "போன தடவை மடங்கியிருந்துச்சே சார்?"

"நிமிந்துட்டு வருது" என்றார் இவர்.

ஒரு பக்கத்துத் தோளைச் சரித்து வெட்டிய கிட்டார்களாகக் கேட்டு வாங்கி, அதே அரை மெட்டை வாசித்தார். குச்சிகள் தந்தியில் பட்டுக் கீச்சிட்டன. கடைக் கண்ணாடிக்கு வெளியே மைத்துனர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு பார்த்தார். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"குடுங்க மாமா. பாவம், அது என்ன தப்பு பண்ணிச்சு?"

கொடுத்தார். மைத்துனர் நின்றபடியே இரண்டு விரலால் கழுத்தில் ஏறி இறங்கினார். நீட்டிய விரல்கள் வெட்டிய தோளின் காலியிடத்தில் காற்றில் நின்றன, எதிலும் இடிக்கவில்லை. இன்னொன்றையும் வாங்கிப் பார்த்தார். கண்ணாடிக்காரர் மிகத் தாழ்ந்த குரலில், இருட்டறையில் கேட்பதுபோலக் கேட்டார். "இதுவா... அதுவா?"

"அது" என்றார் மைத்துனர். ஓரத்தில் கீறல் விழுந்த, செம்பழுப்பு நிறக் கிட்டார்.

கிட்டார் வந்தும் பதிவு நடக்கவில்லை. பதியலாமா என்றால் மைத்துனரின் கை நின்றுவிடும். ஆனால் "பெட்டியில கொர்ர்னு வருது மாப்ளே, எங்கேர்ந்துன்னு பாக்கணும். சும்மா ஏதாவது தட்டு" என்றால் தட்டுவார். ரிப்பேருக்குத் தட்டுவதில் என்ன இருக்கிறது? ஆகவே காலையில் கடைக்குக் கிளம்பும்முன் தினமும் ரிப்பேர் நடந்தது. சுவர்க் கடிகாரம் போர்வையில் சுற்றப்பட்டு அலமாரிக்குள் போகும். சாவி ஃபிரிட்ஜுக்குள் போகும். மைத்துனர் உள்ளறையில் கதவை ஒருக்களித்துக்கொண்டு கொஞ்சம் வாசிப்பார். நிறுத்திவிட்டுக் கேட்பார். "போதுமா மாமா? இன்னும் வருதா?"

"வருது. இன்னும் கொஞ்சம்."

ஒரு விடுமுறை நாளில் நான் போனபோது கண்ணாடிக்காரர் தகரப் பெட்டியின் விளிம்பை அரத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். மைத்துனர் வெளியே போயிருந்தார். "மூடிக்கும் பெட்டிக்கும் நடுவுல பெயிண்ட் தம்பி. தகரமும் தகரமும் ஒண்ணையொண்ணு தொடவே இல்ல. அதான் நாம தொட வேண்டியிருந்திச்சு." பெயிண்டைச் சுரண்டி, மூடியை அழுத்தி மூடி, ஹெட்போனை என் காதில் மாட்டினார். சுத்தமாக ஒன்றுமில்லை. தெருவில் யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பது மட்டும், மிகப் பக்கத்தில் கேட்டது.

ஆனால் மறுநாள் காலையும் உள்ளறையிலிருந்து "இன்னும் வருதா மாமா?" என்று கேள்வி வந்தது. "வருது" என்று இவர் பதில் சொன்னார். பெட்டிமேல் விரல்கூட வைத்திருக்கவில்லை.

"அண்ணா, அது நேத்தே போயிடுச்சே" என்று கிசுகிசுத்தேன்.

உள்ளறைக் கதவைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். "போயிடுச்சுன்னு உள்ள சொல்லிராதீங்க."

அக்காவுக்கு அது தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. "ஒரு டப்பாவை ரிப்பேர் பண்ண எத்தனை நாள்? கடையிலயும் இப்படித்தான் பண்றாரா, இல்ல அங்க வேலை நடக்குதா?" என்பார். ஆனால் அந்த வேளையில் பாத்திரம் தேய்ப்பதை அவர் எப்போதோ நிறுத்தியிருந்தார். சீசன் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. மேலாளர் ஒரு முறை போன் செய்துவிட்டார்.

நேற்றுக் காலை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கூடத்தில் பெட்டியின் முன்னால் வழக்கம்போல என்னை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினார். உள்ளே மைத்துனர் தொடங்கினார். வழக்கமாக நிறுத்தும் இடம் வந்தது. நிறுத்தவில்லை. ஒரு சுரம் தவறியது. திரும்பப் போய் அதை எடுத்துக்கொண்டு மேலே போனார். நான்கு விரலுக்கான மெட்டை இரண்டு விரலுக்கு மாற்றியிருந்தார் என்பது கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் புரிந்தது. விரல் எட்டாத இடங்களை வெறுமனே விட்டிருந்தார். மடக்கி விட்ட வரிகள் மாதிரி அந்த இடங்களில் அவர் மூச்சு கேட்டது. அது மைக்கில் விழுந்தது. கண்ணாடிக்காரர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அக்கா வேலைக்குக் கிளம்பி வந்து, தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் கணவருக்குக் காட்டினார். கடை திறக்கும் நேரம் தாண்டியிருந்தது. கண்ணாடிக்காரர் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நுனிக்காலில் நடந்து ஃபிரிட்ஜிடம் போனார். கைப்பிடியைப் பிடித்தார். அந்தக் கதவு திறக்கும்போது ரப்பர் பிய்ந்து வருகிற மாதிரி ஒரு சத்தம் போடும். அது எத்தனையோ பதிவுகளில் விழுந்திருக்கிறது. உள்ளே மெட்டு இன்னும் போய்க்கொண்டிருந்தது.

கைப்பிடியை விட்டுவிட்டார். வாசலுக்கு வந்து, செருப்பைப் போட்டுக்கொள்ளாமல் எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"சாவி?" என்று அக்கா உதட்டை மட்டும் அசைத்தார்.

அவர் இடது உள்ளங்கையை விரித்து, அதன்மேல் வலது கையின் இரண்டு விரல்களை நடக்கவிட்டுக் காட்டினார்.