சாமிக்கு ஒரு மாத்திரை, எனக்கு ஒரு மாத்திரை

எனக்கு மாதவிலக்கு நின்றபோது என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டது என் வீட்டுக்காரரின் சொந்தபந்தம்தான். சும்மா சொல்லவில்லை. எங்கள் பக்கம் கோயில் திருவிழாவை நோம்பி என்போம். மூலனூருக்கு அந்தப் பக்கம் முருங்கைக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் குலதெய்வக் கோயில். நோம்பியன்று குடும்பத்து மாவிளக்குத் தட்டை ஒரு சுமங்கலி தூக்க வேண்டும். தேதி வைப்பது ஆண்கள். எவளுக்கு எந்த நாள் வரும் என்று அவர்கள் கேட்டதே இல்லை. ஆகவே வருடா வருடம் யாராவது ஒரு மருமகள் மெடிக்கலில் மாத்திரை வாங்கி முழுங்கி நாளைத் தள்ளிப் போடுவாள். நானும் எத்தனையோ வருடம் முழுங்கியிருக்கிறேன். இப்போது நான் நின்றவள். காலண்டர் பார்க்கத் தேவையில்லாதவள்.

“இனி ஒண்ணுங் கவலையில்லீங்க, நம்ம அம்மிணி இருக்கறா” என்று நங்கை எல்லோரிடமும் சொல்லிவிட்டார். நங்கை என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அண்ணன் தவறிப் பல வருடமாகிறது. அதனால் தட்டை அவர் தொடக் கூடாது. ஆனால் யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்று சொல்லும் அதிகாரம் மட்டும் முழுக்க அவரிடம்தான் இருந்தது.

சரி, நின்றதில் அவர்களுக்கெல்லாம் வசதி. எனக்கு என்ன ஆனது என்று ஒருவர் கேட்டிருப்பாரா?

திருப்பூரில் எங்களுடையது சின்ன பனியன் கம்பெனி. வெளி வேலையெல்லாம் என் வீட்டுக்காரர். செக்கிங் டேபிள் என்னுடையது. தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் விரித்துப் பார்த்து, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பொறுக்கி ஒதுக்குவேன். ஓவர்லாக் மெஷின் ஒன்றே ஒன்று இருந்த காலத்திலிருந்து நான் உட்கார்ந்த நாற்காலி அது. யாரும் எனக்குச் சீராகக் கொடுத்ததில்லை.

அந்த நாற்காலியில்தான் முதலில் வந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்துக்கு ஏறி முகமெல்லாம் எரியும். இரண்டு நிமிடத்தில் ஜாக்கெட் தொப்பலாக நனைந்துவிடும். பிறகு அதே வேகத்தில் குளிரெடுக்கும். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாத வருடங்கள் அவை. ஜெனரேட்டர் ஓடும், ஆனால் மெஷினுக்கு மட்டும். ஃபேனுக்கு டீசல் ஊற்ற அவருக்கு மனசு வராது. ராத்திரியிலும் இதே கூத்து. படுத்தால் எழுந்து உட்கார வேண்டும், உட்கார்ந்தால் விடிந்துவிடும். தூக்கமில்லாத தலையோடு கம்பெனிக்குப் போய் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். ஊசியை மாற்ற நேரமானதற்கு ஒரு டெய்லர் பெண்ணை நான் பேசிய பேச்சை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

வெள்ளை பீஸ் ஓடிக்கொண்டிருந்த வாரம் அது. ஆர்டர் கொடுத்த பையர் சார்பில் சரக்குப் பார்க்க ஒருவர் வந்தார். அட்டைப்பெட்டியைத் திறந்து ஒரு பீஸை எடுத்தார். நெஞ்சுப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு வட்டம். அடுத்ததிலும் வட்டம். என் வியர்வை சொட்டிக் காய்ந்தது. கறை கண்டுபிடிக்க உட்கார்ந்தவளே கறை வைத்திருக்கிறேன். அந்த ஆள் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. நான்தான், “ஏனுங்க, மனுசிக்கு வேர்க்கவே கூடாதுங்களா?” என்று கத்தினேன். கத்திவிட்டு அத்தனை டெய்லர்களும் பார்க்கத் தேம்பித் தேம்பி அழுதேன். மானம் போனது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமலே சொன்னார். “நீ ஊட்ல இரு. செக்கிங்குக்கு வேற ஆள் போட்டுக்கறேன்.”

எனக்கு வந்த கோபம் அவர்மேல் மட்டுமல்ல, என் உடம்பின்மேலும்தான். பக்கத்து வீடு, சொந்தக்காரர் வீடு, எங்கே போனாலும் ஒரே யோசனை. கர்ப்பப்பையை எடுத்துவிடு. நங்கையும் அதையே சொன்னார். “நா எடுக்கலியா? எடுத்துப் போட்டா சோலி முடிஞ்சுது அம்மிணி.” சொத்தைப் பல் பிடுங்குவது மாதிரி சொன்னார்கள். நோய் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் எதை எடுப்பது? எனக்கு என் பீஸை நானே செக் பண்ணித்தான் பழக்கம். தனியாகக் கிளம்பி ஒரு பெண் டாக்டரிடம் போனேன்.

டாக்டர் தெற்கத்திக்காரர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஒரு வருசத்துக்கு மேல தூக்கமில்லாம இருந்துக்கிட்டு, இப்பத்தான் வாறீகளாக்கும்?” என்று என்னை அதட்டினார். அந்த அதட்டலே எனக்குப் பாதி மருந்து. ஸ்கேன் எடுத்தார், பிரஷர் பார்த்தார், மார்பைத் தொட்டுப் பரிசோதித்தார். வீட்டில் யாருக்காவது புற்றுநோய் உண்டா, காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று விசாரித்தார். பிறகு ஹார்மோன் மாத்திரை எழுதினார்.

“வருசக்கணக்கா போட்டா மார்புல புற்றுநோய் வாற வாய்ப்பு கொஞ்சம் கூடும்மா. இல்லைன்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். வருசா வருசம் வந்து காட்டிரணும். தேவையான மட்டும் போடுவோம், அப்புறம் நிறுத்திருவோம். உங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கு, அதைக் காப்பாத்த ரெண்டாவது மாத்திரையும் வேணும். அதனால மாசாமாசம் லேசாப் படும். பயந்துராதீங்க.”

“மறுபடியுமுங்களா?” என்றேன்.

“ஆமா. விசேஷத்துக்குத் தள்ளிப் போட நீங்களாவே மெடிக்கல்ல வாங்கி முழுங்குவீகளே, அதுவும் இந்த ரெண்டாவது மாத்திரை சாதிதான். அப்ப மட்டும் ஒருத்தரும் எங்கிட்ட வந்து கேக்கிறதில்லை.”

இரண்டு மூன்று வாரத்தில் தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம். காலையில் எழுந்தபோது தலையணை காய்ந்திருந்தது, அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த மாதமே கம்பெனிக்குப் போய், என் நாற்காலியில் இருந்த ஆளை, “நீங்க பேக்கிங்கப் பாருங்க” என்று எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். பீஸ் ரிட்டர்ன் வருவது நின்றபிறகு என் வீட்டுக்காரர் சொல்ல என்ன இருக்கிறது? டாக்டர் சொன்ன மாதிரியே மாதம் ஒருமுறை லேசாகப் பட்டது. அதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை, நோம்பிக்குத் தேதி வைக்கும்வரை.

தேதி சரியாக அந்த நாட்களில் விழுந்தது. வேலை பிரிக்க நங்கை எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர். என் வீட்டுக்காரரும் இருந்தார். மருமகள்கள் இருவரில் ஒருத்தி முழுகாமல் இருந்தாள், இன்னொருத்தி குழந்தை பெற்றுப் பச்சை உடம்போடு ஊத்துக்குளியில் அம்மா வீட்டில் இருந்தாள். தட்டுக்கு நான்தான் என்று பேச்சே இல்லாமல் முடிவு செய்திருந்தார்கள்.

மறைத்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அந்த யோசனை வராமலும் இல்லை. ஆனால் எதற்கு மறைக்க வேண்டும் என்று தோன்றியது. திருடினேனா?

“நங்கை, அன்னிக்கு எனக்கு மாசம் வந்துருமுங்க” என்றேன்.

பெரியவர் படக்கென்று பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். நங்கை என்னை மேலும் கீழும் பார்த்தார். “உனக்குத்தா நின்னு போச்சே?”

மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். நங்கை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “அட கெரகமே! ஹார்மோன் மாத்திரையா? புத்துநோய் வருமுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கறானாமா. நின்னு போனத யாராவது காசு குடுத்து வர வெப்பாங்களா? நாளைக்கே நிறுத்து. இப்பிடி உடம்பக் கெடுக்கற மாத்திரைய முழுங்கிட்டு நீ எங்க வெளங்கறது!”

இத்தனையும் பேசியவர், அடுத்த நிமிடமே இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். பிரித்து ஒரு மாத்திரை அட்டையை என் கையில் திணித்தார். “இந்தத் தடவைக்கு இதப் போட்டுத் தள்ளிப் போட்ரு. நோம்பி முடிஞ்சு பாத்துக்கலாம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது, அது சிரிப்பால் அல்ல.

“ஏனுங் நங்கை, இது என்னங்க? இதுவும் ஹார்மோன் மாத்திரைதானுங்க. நா போடற ரெண்டாவது மாத்திரைக்கு இது கூடப்பொறந்தது. சின்னப்புள்ளைங்க வருசா வருசம் இத முழுங்கி வாந்தி எடுக்குதுங்க, அப்பெல்லாம் உடம்பு கெடலீங்களா? எந்த டாக்டரக் கேட்டுட்டுக் குடுத்தீங்க? சாமிக்குன்னா மாத்திரை நல்லது. நா தூங்கோணுமுன்னா மாத்திரை புத்துநோய். அப்படித்தானுங்களே?”

“வாய் நீளுது அம்மிணி.”

“நீளட்டுமுங்க. ஒரு வருசத்துக்கு மேல தூங்காமக் கெடந்தன். அப்ப வந்து எப்படி இருக்கறன்னு கேட்டவங்க இப்பப் பேசுங்க.”

பெரியவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று சொல்ல ஆசைதான். நேராகத்தான் பிடித்திருந்தார், ஆனால் பக்கம் புரளவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். “மாத்திரைய நிறுத்தச் சொல்லாதீங்க. இவ இல்லீன்னா செக்கிங் ஓடாதுங்க.” பாசம் என்மேலா, ஷிப்மென்ட்மேலா என்று அப்போது நான் ஆராயவில்லை. வந்த வரைக்கும் லாபம்.

நங்கை எழுந்தார். “மாத்திரைய நிறுத்து. இல்லீன்னா கோயலுக்கு வராத. ரெண்டுல ஒண்ணு.”

“நிறுத்த மாட்டனுங்க. கோயலுக்கும் வருவனுங்க. சாமி கேட்டா சாமிகிட்டச் சொல்லிக்கறன்.”

தள்ளிப் போட்டிருக்கலாம்தான், ஒரே ஒரு தடவை. ஆனால் அந்த அட்டையை வைத்துக்கொண்டால் நாற்காலி, தூக்கம், உடம்பு எல்லாமே அவர்கள் அனுமதித்த அளவுக்குத்தான் என்று ஆகிவிடும். அட்டையை அவர் சுருக்குப்பைக்கே திருப்பிக் கொடுத்தேன்.

நோம்பியன்று காலையில் பட்டது. தலைக்குக் குளித்தேன், பட்டுச் சேலை கட்டினேன், காரில் ஏறினேன். அவிநாசிபாளையம் தாண்டும்வரை, எனக்குள் இருப்பது கோபம்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பயமும் இருந்தது. ஐம்பது வருடம் ஊட்டிய பயம் ஒரு காலையில் போய்விடுமா?

கோயில் வாசலில் தட்டு தயாராக இருந்தது. மாவு, வெல்லம், நடுவில் நெய் விளக்கு. சொந்தம் மொத்தமும் நின்றது. விஷயம் எல்லோருக்கும் தெரியும், அது அவர்கள் கண்ணிலேயே தெரிந்தது. எல்லோரும் நங்கையைப் பார்த்தார்கள். அவர் வேண்டாமென்றால் தட்டு வாசலிலேயே நிற்கும், தூக்க வேறு ஆள் கிடையாது. நான் நேராகப் போய்த் தட்டைத் தூக்கினேன். விளக்கு ஆடியது.

“தட்ட நேராப் புடி” என்றார் நங்கை. “அணையப் போகுது.”

அவ்வளவுதான். நடந்தேன். விளக்கு அணையவில்லை. பொங்கல் பொங்கியது, ஆண்கள் வழக்கம்போல வெயிலைத் திட்டினார்கள். பந்தியில் உட்கார்ந்து எல்லோர் முன்னாலும் பையிலிருந்து என் மாத்திரையை எடுத்து முழுங்கினேன்.

அடுத்த வருடம், மாசி முடியும் சமயம். செக்கிங் டேபிளில் இருந்தேன். போன் அடித்தது. நங்கை.

“அம்மிணி, நோம்பிக்குத் தேதி வெக்கோணும். ஆம்பளைங்ககிட்டச் சித்த இருங்கன்னு சொல்லிப் போட்டேன்.” பிறகு, “உனக்கு எந்தத் தேதி தோதுப்படும்?” என்றார்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணிடம் அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

“சின்னப்புள்ளைங்களக் கேட்டு வைங்க நங்கை, இனி அதுங்க மாத்திரை முழுங்க வேண்டாம். எனக்கு எந்தத் தேதியும் தோதுதானுங்க. பட்டாலும் வருவன், படாட்டியும் வருவன்.”

வெள்ளை பீஸ் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்ததை எடுத்து விரித்தேன்.