நடுவில் நிற்கப் போனவன்

உலக அரசியல் பாடம் நடத்துவது மாதிரி பாழாய்ப்போன பிழைப்பு வேறில்லை. எந்தக் கண்டத்தில் குண்டு விழுந்தாலும் ஊர்க்காரர்கள் நம்மைத்தான் மடக்குவார்கள். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் சொல்லவும் வேண்டுமா!

டிபன் நேரம்

ஐம்பத்தாறில் சூயஸ் கால்வாய்ச் சண்டை வந்தபோது சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேலை பார்த்தேன். அடுத்தவர் சண்டையில் மற்ற நாடுகள் எப்போது நுழையலாம் என்பது என் ஆராய்ச்சி. வாயைத் திறந்தால் அதுதான். ரசாயனம் நடத்தும் மிஸஸ் தங்கம் ஒருநாள் டிபன் டப்பாவைப் படீரென்று மூடினார். "என்னடி இது பேஜாரு? சாப்பிடுற நேரத்துலயாவது உலகத்தைத் தலையிலேருந்து இறக்கி வையேன்!"

செங்கமலத்தின் கேள்வி

சண்டை ஓய்ந்ததும் இரு தரப்புக்கும் நடுவில் நிற்க, பல நாட்டுச் சிப்பாய்களைச் சேர்த்து ஓர் அமைதிப்படை அனுப்பினார்கள். நம் சிப்பாய்களும் போனார்கள். தங்களைத் தாக்கினால் ஒழிய அவர்கள் சுடவே கூடாது, உலகம் இதுவரை காணாத படை, ஆகா ஓகோ என்று வகுப்பில் மூச்சு விடாமல் புகழ்ந்துகொண்டிருந்தேன். விடுதியில் தங்கிப் படித்த ஆரம்பாக்கத்துப் பெண் செங்கமலம் எழுந்தாள். பட்டாளத்தில் இருந்த அவள் அண்ணன் முனுசாமிக்கு அந்தப் படையில் போக உத்தரவாகியிருந்ததாம். "அவங்க சுட்டாத்தான் எங்கண்ணன் சுடலாமா, மிஸ்? மொத குண்டே பட்டுட்டா?"

ஆரம்பாக்கம்

அண்ணன் புறப்படும் அந்த ஞாயிற்றுக்கிழமையே அவளோடு அவள் ஊருக்கு ரயிலேறினேன். அவள் அம்மா ரத்னம்மா சொந்த நிலத்தில் நெல் பயிரிடுகிறவர். கால்வாய்ச் சண்டை என்றதும் வயலுக்குத் தண்ணீர் விடும் தகராறு என்றே நினைத்திருந்தார். "ரெண்டு ஊருக்கும் மொறை வச்சி வுட்டா தீந்துச்சி. இதுக்குப் போயி இன்னாத்துக்கும்மா ஏரோபிளேன்ல வந்து குண்டு போடுறானுங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செங்கமலம் சிரிக்கவில்லை. ஏரித் தண்ணீருக்காக மோதிக்கொண்ட இரண்டு ஊர்க்காரர்களை விலக்கிவிடப் போய், மண்வெட்டியால் அடிபட்டுச் செத்தவர் தன் அப்பா என்று என் காதோரம் சொன்னாள். ஐயோ, மகனையும் அதே வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்று இந்த அம்மா அழுதால் என்ன சொல்வேன்?

முனுசாமி டிரங்குப் பெட்டியோடு வந்து தாயின் காலில் விழுந்தான். ரத்னம்மா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"நடுவுல எத்தினி பேருடா நிப்பீங்க?"

"ஆயிரக்கணக்குல நிப்போம்மா. பல தேசத்துக்காரங்க."

அவர் முகம் தெளிந்தது. என்ன மனுஷி இவர் என்று பிரமித்துப்போய் நின்றேன்.

"போய்ட்டு வா நைனா. உங்கப்பாரு ஒண்டியா நின்னாரு. அன்னிக்கு இன்னும் நாலு பேரு கூட நின்னுக்கினு இருந்தா, அவரும் ஊட்டுக்கு வந்திருப்பாரு."

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் அங்கே போனதே அந்த அம்மாவுக்குத் தைரியம் சொல்லத்தான்.